மூன்றாம் பந்தி

அன்றைக்குக் கணவனைப் புரட்டிப் படுக்கவைப்பது சுலபமாக இருந்தது.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அவளுக்கும் முதலில் பயம் வரவில்லை. வழக்கம்போலக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கட்டில் விளிம்பில் முழங்காலை முட்டுக்கொடுத்து, ஒரு கையை அவன் தோளுக்கடியிலும் மறு கையை இடுப்புக்கடியிலும் விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். அவன் கப்பல் வேலை பார்த்தவன், நல்ல வாட்டசாட்டமான ஆள். ஒரு இழுப்புக்குப் பாதிதான் வருவான். மீதிப் பாதிக்கு மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு தடவை போராட வேண்டும். அன்றைக்கு ஒரே இழுப்பில் உருண்டு வந்துவிட்டான். வந்த வேகத்தில் அவள் பின்னால் போய் அலமாரியில் இடித்துக்கொண்டாள்.

"என்ன மேடம், எனக்குத் தெரியாம ஜிம்முக்குப் போறியா?" என்றான் அவன், தலையணையில் முகம் புதைந்தபடி.

"ஆமா, உங்களத் தூக்கித் தூக்கி உடம்பு இரும்பா ஆயிடுச்சு."

"நல்லது. அடுத்த தடவை கப்பலுக்கு உன்னையே அனுப்பிடலாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. இப்போதெல்லாம் எது வந்தாலும் கூடவே கண் கலங்கிவிடுகிறது. அசதி அப்படி. ஒரு நாள் தூங்கி எழுந்தால் போகிற அசதி இல்லை அது; தூங்கும்போதும் கூடவே படுத்துக்கொண்டு, எழும்போது அவளுக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருக்கிற அசதி. பல் தேய்க்கையில் பாதியில் நின்று, எதற்காகக் குழாயடிக்கு வந்தோம் என்று யோசிப்பாள். அதனால் புரட்டுவது சுலபமானபோது அப்பாடா என்றுதான் இருந்தது. நமக்குத்தான் நுணுக்கம் பிடிபட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். விரிப்பு ஈரமாக இருந்ததையும், அந்த ஈரம் விரலில் நூலாக இழுபட்டதையும் அவள் பார்க்காமல் இல்லை. வியர்வை என்று சொல்லிக்கொண்டு துடைத்துப் போட்டாள்.

அறையில் வியர்க்க வழியில்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

அந்த அறையைக் குளிராகவும் இருட்டாகவும் வைத்திருந்தவள் அவள்தான். அவன் ஆராய்ச்சிக் கப்பலில் இருந்தவன். கடலின் அடி மட்டத்துக்குப் பெட்டிகளை இறக்கித் தூக்குகிற இரும்புக் கயிற்றை ஓட்டுவது அவன் வேலை. ஒரு நாள் பாரத்தோடு மேலே வந்த கயிறு அறுந்து, திரும்பி அடித்தது. கழுத்துக்குக் கீழே அசைவு போயிற்று. எரிச்சல் மட்டும் போகவில்லை. முதுகில் நெருப்பைக் கொட்டினாற்போல் இருக்கிறது என்பான். வெளிச்சம் பட்டால் மண்டை பிளக்கிற வலி. எனவே ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, ஓயாமல் ஓடும் ஏசி, அவன் கண்ணுக்கு உறுத்தாத ஒரு சிவப்பு பல்பு. அடுத்தவர் நடந்தாலே அவனுக்குத் தலையில் இடிக்கும் என்பதால் வீட்டுக்குள் ரப்பர் செருப்பு. தான் வேலை பார்க்கிற ஆராய்ச்சிக் கூடத்துக் குளிரறையை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து வீட்டில் வைத்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கை பழகியதைச் செய்தது, அவ்வளவுதான்.

நாத்தனார் வாரம் ஒரு முறை வருவாள். அவனுக்கு நேர் இளையவள், அண்ணன் என்றால் உயிர். கதவருகே நின்று போர்வைக்குள் கிடக்கிறவனைப் பார்ப்பாள், கூடத்துக்கு வந்து அழுவாள், அழுது முடித்ததும் ஆரம்பிப்பாள்.

"அண்ணி, உங்கள ஒரு தடவ கண்ணாடியில பாருங்க. பகல்ல ஒரு நர்ஸ் வந்தாலும் மத்த நேரம் ஒத்த ஆளா இதச் செய்ய முடியாது. நம்ம ஊர்லயே நல்ல ஹோம் இருக்கு, வெளிச்சமா, காத்தோட்டமா, கூப்பிட்ட குரலுக்கு நர்ஸ்."

"நான் இருக்கற வரைக்கும் அனுப்ப மாட்டேன்."

"அதான் பயமா இருக்கு. நீங்க இருக்கணுமே."

அவன் மருத்துவமனையில் முதன்முதலில் கண் விழித்தபோது கேட்டது ஒன்றே ஒன்றுதான்: என்ன எங்கயும் போட்டுட்டுப் போயிடாத. அவள் அவன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். அவளுக்கென்று உலகத்தில் மிச்சமிருந்தது அந்த மனுஷனும் அந்தச் சத்தியமும்தான். அவனுக்கு ஒரு புண் வந்தால்கூட அனுப்பிவிடு என்பார்கள். அதனால் புண் வராமல் பார்த்துக்கொண்டாள். வேறு எது வந்தாலும் அதை வெளியே சொல்லாமலும் பார்த்துக்கொண்டாள்.

அவள் வேலை ஆராய்ச்சிக் கூடத்தின் ஐஸ் ரூமில். கடலடியிலிருந்து கொண்டுவந்த திமிங்கல எலும்புகள் அங்கே பெரிய தொட்டிகளில் கிடக்கும். தண்ணீரின் குளிரைப் பார்ப்பது, கண்ணாடியைத் துடைப்பது, உப்பு சரியா என்று அளப்பது அவள் பொறுப்பு. அங்கே ஒரு விஞ்ஞானி இருந்தார். எல்லாரும் அவரைப் பந்தி சார் என்பார்கள். காரணம், அவர் எதையும் சாப்பாட்டுப் பேச்சில்தான் விளக்குவார்.

ஆழத்தில் எதுவும் முளைக்காதும்மா, வெயிலே இல்லையே, என்பார். எல்லாம் மேலேயிருந்து விழணும். வருஷக்கணக்கா பசியோட காத்திருப்பாங்க. அப்போ ஒரு திமிங்கலம் செத்து விழுந்தா ஒரு ஊருக்கே விருந்து. முதல் பந்தி சதைக்கு: சுறா, கண்ணில்லாத விலாங்கு மாதிரி மீன், பேன் அளவு இறால் கூட்டம். ரெண்டாம் பந்தி, கீழே சிந்தினதுக்கு: நத்தையும் புழுவும். மூணாம் பந்திதான் நிஜமான பந்தி. எலும்புக்குள்ள இருக்கிற கொழுப்புக்கு வர்றவங்க. அவங்களுக்கு வாயும் கிடையாது, வயிறும் கிடையாது. எலும்புல வேர விட்டுக் கரைச்சுக் குடிப்பாங்க. வெளியில தெரியறது சின்னதா ஒரு சிவப்புக் குஞ்சம் மட்டும். அவசரமே கிடையாது. ஒரு முதுகெலும்பு பத்து வருஷம் வரும்.

அவளுக்கு அந்தப் புழுக்களைப் பார்க்கப் பிடிக்கும். சிவப்பு விளக்கில், அசையாத நீரில், எலும்பின் மேல் மயிரிழை மயிரிழையாக விரிந்திருக்கும். ஒரு வேலையும் செய்யாமல் ஒரே இடத்தில் இருக்கிற எதைப் பார்த்தாலும் அவளுக்கு அந்த நாட்களில் பொறாமையாக இருந்தது.

ஐஸ் ரூம்காரர்களிடம் ஒரு கைவைத்தியம் உண்டு. கையைச் சுட்டுக்கொண்டாலோ மணிக்கட்டு வலித்தாலோ தொட்டியிலிருந்து வழிந்து ஓடும் தண்ணீரில் கொஞ்ச நேரம் நனைப்பார்கள். ஆழ்கடல் தண்ணீர், ஒரு தூசு இல்லாத தண்ணீர், எலும்பு வரைக்கும் மரத்துப்போகிற குளிர். வலி போன இடம் தெரியாது. பந்தி சாருக்குத் தெரிந்தால் திட்டுவார் என்று அவருக்குத் தெரியாமல் செய்வார்கள். அவனுடைய முதுகெரிச்சல் தாங்க முடியாமல் ஒரு நாள் அவன் உதட்டைக் கடித்து ரத்தம் வரவழைத்துக்கொண்டபோது, அவளுக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த நாள் பிளாஸ்க்கில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வந்து, பஞ்சில் தோய்த்து அவன் முதுகு முழுக்க ஒற்றினாள்.

"ஆ," என்றான் அவன். பிறகு கண்ணை மூடி மூச்சை இழுத்து முகர்ந்தான். "கடல் வாசனை. ஏய், இது கீழ்த் தண்ணி. எங்க கிடைச்சுது?"

"உங்க கப்பல்ல வந்ததுதான்."

"நான் ஏத்தின தண்ணியா இருக்கும்," என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனான். விபத்துக்குப் பிறகு அவன் அப்படித் தூங்கி அவள் பார்த்ததில்லை. அன்றிலிருந்து தினமும் ஒரு பிளாஸ்க். மீந்த தண்ணீரில் அவள் தன் மணிக்கட்டையும் முழங்காலையும் நனைத்துக்கொள்வாள். தாடையில் பல் வலி வந்தால் அங்கேயும் கொஞ்சம் ஒற்றிக்கொள்வாள்.

அப்புறம்தான் வாசனை மாறியது.

முதலில் உப்பு வாசனை. அது அவள் உடுப்பிலேயே இருப்பது, அதனால் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் முட்டை அழுகினாற்போல் ஒரு நாற்றம். சாக்கடையோ என்று குளியலறையைக் கழுவினாள், குளிர்சாதனப் பெட்டியைக் காலி செய்து துடைத்தாள். நாற்றம் அங்கெல்லாம் இல்லை. அறைக் கதவைத் திறந்தால் இருந்தது. கட்டில் காலில், தரையோடு சேருகிற இடத்தில், பாலாடை மாதிரி வெள்ளையாக ஒன்று படர்ந்திருந்தது. துடைத்தாள். மறுநாளும் இருந்தது. விரிப்பை உதறும்போது பேன் அளவில் ஏதோ துள்ளித் துள்ளிப் போய்க் கட்டிலுக்கடியில் மறைந்தது. பூச்சி என்று மருந்தடித்தாள். மருந்து அடிக்கிறபோது எப்போதும் செய்வதுபோல் அவனிடம் வெளியே போகிறீர்களா என்று கேலி செய்ய வாயெடுத்து, செய்யாமல் விட்டாள்.

சத்தமும் இருந்தது. ஏசியின் உறுமலுக்கு அடியில், காது கொடுத்தால் மட்டும் கேட்கிற சத்தம்: காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் போட்டால் அது ஊறும்போது மெல்லப் பொரியுமே, அது மாதிரி. அவன் மூச்சு என்று நினைத்து அருகே போவாள். அவன் மூச்சு தனியாக வந்துகொண்டிருக்கும்.

பகலில் அவனைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் வந்துகொண்டிருந்தாள். கெட்டிக்காரி, வாய்த்துடுக்குள்ளவள். அவள் ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"நாளையிலேர்ந்து வரலக்கா."

"என்ன ஆச்சு? அவரு ஏதாவது சொன்னாரா?"

"சேச்சே, அவரு தங்கமான மனுஷன். அந்த ரூம்தான். எத்தன பிணத்தப் பாத்திருக்கேன், எனக்குப் பயம்னா என்னன்னு தெரியாது. ஆனா அங்க உக்காந்தா எழுந்துக்கவே தோண மாட்டேங்குதுக்கா. கையக் கால அசைக்காம அப்படியே இருன்னு யாரோ சொல்ற மாதிரி இருக்கு. நேத்து ரெண்டு மணி நேரம் அப்படியே உக்காந்திருக்கேன், எனக்கே தெரியல." அவள் தன் முன்கையைத் தேய்த்துக்கொண்டாள். "அவர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

அவள் கொண்டு போகவில்லை. கொண்டு போனால் திருப்பித் தர மாட்டார்கள். வேலைக்கு நீண்ட விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டோடு இருந்தாள். விடுப்புச் சொல்லப் போன அன்று, பிளாஸ்க்கில் கடைசியாக ஒரு முறை தண்ணீர் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறபோது, பந்தி சார் தொட்டி முன்னால் கைகட்டி நின்றிருந்தார். மடியில் கனம் இருந்ததால் அவளுக்கு வழியில் பயம். எதையாவது பேச வேண்டுமே என்று கேட்டாள்.

"சார், இதுங்க செத்த எலும்புல மட்டும்தானே வரும்? உயிரோட இருக்கறதுல வராதில்ல?"

அவர் சிரித்தார். "அதுக்குச் செத்தது, உயிரோட இருக்கறதுன்னெல்லாம் பேதம் தெரியாதும்மா. குஞ்சுங்க தண்ணியில மிதந்துகிட்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. உயிரோட இருக்கறது அசையும், உதறிடும். அதனால உக்கார முடியாது. வேணுங்கறது என்ன? குளிரு, இருட்டு, ஈரம். அப்புறம் விழுந்தது விழுந்த இடத்துலயே கிடக்கணும்." தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கவலைப்படாதீங்க, உங்கள மாதிரி ஓடிகிட்டே இருக்கறவங்க மேல எதுவும் வராது. முகம் ஏன் இப்படி இருக்கு? போய்த் தூங்குங்க."

வீடு வந்து சேர்ந்ததே தெரியவில்லை. பிளாஸ்க்கைக் கழுவு தொட்டியில் கவிழ்த்தாள். அப்படியெல்லாம் இருக்காது என்று சொல்லிக்கொண்டே கவிழ்த்தாள். அவனுக்குச் சுடுதண்ணீரில் உடம்பு துடைத்தாள், விரிப்பை மாற்றினாள், ஏசியை அணைத்தாள். எரிகிறது, எரிகிறது என்று அவன் குழந்தை மாதிரி அழுதான். அரை மணி கூடத் தாங்கவில்லை. அவள் திரும்பப் போட்டுவிட்டாள்.

அவன் உடம்பைப் பார்க்கத்தான் வேண்டும். சரியாக, ஒரு தடவை. பார்ப்பதைத் தள்ளித் தள்ளிப் போட்டாள், தலைக்கு மேல் வேலை இருப்பதாகக் காட்டிக்கொண்டாள். துணி மடித்தாள். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். அந்த நாட்களில் அவள் அவன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே தரையில் படுத்துக்கொள்வாள். ஒரு நிமிஷம் என்று படுப்பாள். எழும்போது கறுப்புத் துணியின் ஓரத்தில் வெளிச்சம் இடம் மாறியிருக்கும். அவளுக்கும் வலி குறைந்திருந்தது. மணிக்கட்டில் வலி இல்லை. முழங்காலில் இல்லை. உட்கார்ந்து எழுந்தால் கால் கொஞ்சம் துவண்டது, அவ்வளவுதான். காலையில் கடைவாய்ப் பல் ஒன்று உணவோடு சேர்ந்து வந்தது. ரத்தம் இல்லை. அசதியில் உடம்பு தேய்கிறது என்று அதைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டாள்.

ஒரு மத்தியானம், தெருவில் பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்து, பிள்ளைகள் கத்திக்கொண்டு இறங்குகிற நேரம். உலகமே வெயிலில் இருந்தது. அவள் அறைக்குள் போய், போர்வையை விலக்கி, சிவப்பு விளக்கில் அவனுடைய காலைப் பார்த்தாள்.

கால் சரியாகத்தான் இருந்தது. புண் இல்லை, வீக்கம் இல்லை. கணைக்கால் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்தினாள்.

விரல் உள்ளே போயிற்று.

பிசைந்த மாவில் போவதுபோல் போயிற்று. எடுத்தாள். குழி அப்படியே இருந்தது. அவள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். குழியைச் சுற்றித் தோலில் ஊசிக் கண் அளவுக்கு ஓட்டைகள். நெருக்கமாக, வரிசையாக. பாதம் வரை. தொடை வரை. ஒவ்வொரு ஓட்டையிலும் மயிரிழை போல ஒன்று. சிவப்பு விளக்கில் சிவப்புத் தெரியாது. அது அவளுக்குத் தெரியும். ஐஸ் ரூமிலும் அப்படித்தான். நிறம் தெரியாமல், அசைவு மட்டும் தெரியும்.

அசைந்தன.

காற்று இல்லாத அறையில், எல்லாம் ஒருசேர, மெதுவாக.

கத்தினால் அவன் பயந்துவிடுவான் என்று மட்டும் தோன்றியது. போர்வையை இழுத்து மூடினாள். நன்றாகச் செருகிவிட்டாள், குளிர் பிடித்துவிடப் போகிறது என்பதுபோல. கூடத்துக்கு வந்து நாத்தனாருக்கு போன் செய்தாள்.

"வா. வந்து உங்க அண்ணனக் கூட்டிட்டுப் போ."

"அண்ணி, நீங்களா பேசறீங்க? வாயில ஏதாவது வெச்சிருக்கீங்களா? குழறுது."

"ஆம்புலன்ஸோட வா. இன்னிக்கே. என்னால முடியல."

என்னால முடியல. இத்தனை மாதமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த வார்த்தை. சொன்ன பிறகு அவள் நாற்காலியில் உட்கார்ந்து குமுறிக் குமுறி அழுதாள். சத்தியத்தை உடைத்தாயிற்று. அவன் உயிரோடு இருந்தால் போதும், யார் வீட்டில் இருந்தால் என்ன, யார் பார்த்துக்கொண்டால் என்ன. டாக்டர்கள் இருக்கிறார்கள். வெளிச்சம் இருக்கிறது. வெளிச்சத்தில் இதெல்லாம் காய்ந்து உதிர்ந்துவிடும். அவள் அதை முழுமனதாக நம்பினாள்.

அறைக்குள் திரும்பிப் போய் அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"உங்க தங்கச்சி வர்றா. உங்கள நல்ல இடத்துக்குக் கூட்டிட்டுப் போகப்போறோம்."

அவன் கண் திறந்து பார்த்தான். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அவன் முகத்தில் எதுவுமே இல்லை, தூக்கம் தவிர.

"எதுக்கு? எனக்கு வலியே இல்லையே மேடம்."

"தெரியும்."

"எரிச்சல் போயிடுச்சு. எத்தன நாளாச்சு தெரியுமா இப்படி இருந்து. கீழ கீழ போற மாதிரி இருக்கு. நல்லா இருக்கு." நாக்கு மெல்லப் புரண்டது. "நீயும் படேன் கொஞ்சம். எவ்வளவு அலையற."

படுக்கலாம் என்று இருந்தது. அதுதான் பயங்கரம். அவ்வளவையும் கண்ணால் பார்த்த பிறகும், அவன் பக்கத்தில் அந்த ஈரத்தில் ஒருக்களித்துப் படுத்துக் கண்ணை மூட அவள் உடம்பு ஏங்கியது. அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். எழுந்து ஒரு சுத்தமான சட்டையை எடுத்து வந்தாள். வெளியே போகிற மனுஷனுக்கு நல்ல சட்டை போட வேண்டும். தங்கச்சி முன்னால் கந்தலாகக் கிடக்கக் கூடாது.

சட்டை போட அவனைத் தூக்கி உட்காரவைக்க வேண்டும். தோளுக்கடியில் கை கொடுத்தாள். தூக்கினாள்.

வந்துவிட்டான்.

முழுவதுமாக. ஒரு கையில். நனைந்த துண்டு அளவுக்குக் கனம். தலை அவள் தோளில் சாய்ந்தது. முதுகு அவள் முன்கையின் மேல் மடிந்தது. மடியக் கூடாத இடத்தில். மார்பு இடுப்பின் மேல் இறங்கியது. கை ஒன்று தொங்கியது, முழங்கைக்கு மேலே ஒரு தரம், கீழே ஒரு தரம் வளைந்து.

"மேடம்," என்றான் அவள் காதருகே. மூச்சு சில்லென்று இருந்தது. "பாத்தியா. எவ்வளவு லேசா இருக்கேன்."

அவனைக் கீழே போட மனசு வரவில்லை. எப்படிப் போடுவாள். மெல்லக் கட்டிலிலிருந்து இறக்கி, மார்போடு அணைத்துக்கொண்டு, கதவை நோக்கித் திரும்பினாள். வெளிச்சத்துக்குக் கொண்டு போய்விட வேண்டும். வாசல் வரைக்கும். வெயில் வரைக்கும். ஒரு அடி வைத்தாள். இரண்டாவது அடியில் வலது கால், முழங்காலுக்கும் பாதத்துக்கும் நடுவில், மடிந்தது.

வலிக்கவில்லை.

அவள் அவனோடு தரையில் அமர்ந்தாள். அமர்ந்தது என்பதைவிட இறங்கியது என்று சொல்ல வேண்டும். காலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் மீது வைத்திருந்த தன் மணிக்கட்டைப் பார்த்தாள். நெருக்கமாக, வரிசையாக. எத்தனை நாட்களாகவோ. தினமும் அவனுக்கு ஒற்றிவிட்டு, மீந்ததில் கை நனைத்துக்கொண்டாளே. அந்த ஈரத்தில்தானே படுத்தாள். தொட்டவளுக்கு வந்திருக்கிறது. அவனைத் தொட்டவளுக்கு.

இப்போது அவனைத் தூக்க ஆள் வருகிறது.

போன் கூடத்தில் இருந்தது. அவள் தவழப் பார்த்தாள். கை ஊன்றினாள், ஊன்றிய இடத்தில் கை பரவியது. எழுந்துகொள்ளத் தோன்றவில்லை. தோன்ற வேண்டும் என்று நினைத்தாள். தெருவில் ஒரு வண்டி வந்து நின்றது. கதவுகள் திறந்து மூடின. இரும்புப் படுக்கையின் சக்கரம் படியில் இடித்தது. நாத்தனாரிடம் எப்போதும் ஒரு சாவி உண்டு.

"அண்ணி? எங்க இருக்கீங்க?"

வராதே.

சொன்னாள். சொன்னதாக நினைத்தாள். தாடை திறந்தது, திறந்தபடி கீழே இறங்கி நின்றுவிட்டது. வந்தது சொல் இல்லை, எச்சில் கலந்த ஒரு ஈரச் சத்தம்.

"ஐயோ, அண்ணி."

கதவு திறந்தது. கூடத்தின் வெள்ளை வெளிச்சம் பட்டையாக உள்ளே விழுந்து, மடியில் கணவனை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் மேல் பட்டது. வெளிச்சம் பட்டால் உதிர்ந்துவிடும் என்று நினைத்திருந்தாளே, ஒன்றும் உதிரவில்லை. நாத்தனாரின் கண்ணில் ஏற்கெனவே கண்ணீர் நிறைந்திருந்தது. அவள் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. இத்தனை நாள் பயந்தது நடந்துவிட்டது, அண்ணி விழுந்துவிட்டாள், அவ்வளவுதான் பார்த்தாள். பின்னால் வந்த ஆட்களிடம் இரண்டு பேரையும் தூக்க வேண்டும், சீக்கிரம் வாங்க என்றாள். ஓடி வந்து மண்டியிட்டாள்.

"இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கீங்களே, ஒரு வார்த்த சொன்னீங்களா? நான் இருக்கேன் அண்ணி. நான் பாத்துக்கறேன் ரெண்டு பேரையும். எங்கயும் விட மாட்டேன்."

அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம், வேண்டாம் என்று ஆட்டினாள். அது நாத்தனாருக்கு அழுகையாகத்தான் தெரிந்தது. அண்ணியின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துப் பொத்திக்கொண்டாள், சூடு வரட்டும் என்று மெல்லத் தேய்த்தாள், குனிந்து அதைத் தன் கன்னத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். இப்போது வெள்ளை வெளிச்சத்தில் நிறம் நன்றாகத் தெரிந்தது. நாத்தனாரின் விரலிடுக்குகளில், கன்னத்தின் ஓரத்தில், ரத்தச் சிவப்பாக, ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல் அவை விரிந்துகொண்டிருந்தன.